நியூராலஜிஸ்டை எம்.இ. ஆய்வுக்குள் இழுப்பது எப்படி?

ஒரு நியூராலஜிஸ்டுக்கு, அதாவது நரம்பியல் மருத்துவருக்கு, நான் முதன்முதலில் எழுதிய மின்னஞ்சல் நான்கு பக்கம் இருந்தது. அக்காவுக்கு எம்.இ. (உடலையே முடக்கிப்போடும் ஒரு நாட்பட்ட நோய்) தொடங்கிய அந்தக் காய்ச்சல் நாளில் ஆரம்பித்து, எந்த டாக்டர் என்ன சொன்னார், எத்தனை ரத்தப் பரிசோதனை, எத்தனை எம்.ஆர்.ஐ. என்று ஒன்று விடாமல் எழுதி, கடைசியில் 'தயவுசெய்து இந்த நோயை ஆராயுங்கள்' என்று முடித்திருந்தேன். பதில் வரவில்லை. அதையே இன்னும் ஆறு பேருக்கு அனுப்பினேன், அங்கிருந்தும் ஒன்றும் வரவில்லை. அப்போது பயங்கரக் கோபம். இப்போது அந்த மின்னஞ்சலைத் திறந்து பார்த்தால் நானாக இருந்தாலும் பதில் போட்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் அதில் அழுகை இருந்ததே தவிர, ஒரு ஆராய்ச்சியாளர் கையில் எடுத்து வேலையை ஆரம்பிக்க ஒரு வரி கூட இல்லை.

அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் நோயாளியாக இருக்கலாம், நோயாளியின் வீட்டு ஆளாக இருக்கலாம், ஏதாவது ஒரு நோயாளர் குழுவில் போன வாரம் சேர்ந்தவராக இருக்கலாம். நான் இருப்பது இங்கிலாந்து, அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் இங்கேயும் அமெரிக்காவிலும் நடந்தவை. சொல்ல வருவது ஒன்றுதான்: டாக்டரிடம் இரக்கத்தைக் கேட்காதீர்கள், அவர் ஏற்கெனவே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்குள்ளேயே ஒரு கேள்வியைக் கொண்டுபோய் வையுங்கள்.

முதலில் நீங்கள் படியுங்கள்

ஒரு வாரம் போதும். நோயின் கதை தெரியாமல் போனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் அங்கே வேலை பார்த்தவர்களே, திடீரென்று நோய்வாய்ப்பட்டார்கள். தசைவலி, பலவீனம், நரம்பு சம்பந்தமான அறிகுறிகள், பலருக்கு மாதக்கணக்கில் சரியாகவில்லை. அடுத்த வருடம் 'மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ்' என்ற பெயர் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, அதன் சுருக்கம்தான் எம்.இ. 1969இல் உலக சுகாதார நிறுவனம் அதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மறு வருடமே இரண்டு மனநல மருத்துவர்கள், ஒரு நோயாளியைக் கூட நேரில் பார்க்காமல், பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டி, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பதும் அவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று. அந்தக் கறை இன்னும் முழுசாகப் போகவில்லை.

அமெரிக்காவில் 1980களின் நடுவில் நெவாடாவின் லேக் டாஹோ பக்கம் இன்க்லைன் வில்லேஜ் என்ற ஊரில் ஒரு கூட்டமே விழுந்தது. அதற்குப் பிறகு 1988இல் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வைத்த பெயர்தான் 'க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்', அதாவது நாட்பட்ட சோர்வு நோய்க்குறி. இவ்வளவு மோசமான பெயரை ஒரு நோய்க்கு யாரும் வைத்திருக்க முடியாது. காசநோய்க்கு 'நாட்பட்ட இருமல் நோய்க்குறி' என்று பெயர் வைத்த மாதிரி.

பெயர் என்றதும் ஒன்று. தமிழில் பேசும்போது தயவுசெய்து 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஆட்களுக்குப் பேருந்து நிலையச் சுவரும் லாட்ஜ் வைத்தியரும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். எம்.இ. என்றே சொல்லுங்கள்.

கட்டாயம் படிக்க வேண்டியது அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2015இல் வெளியிட்ட அறிக்கை. அமெரிக்காவில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இந்த நோயோடு இருக்கிறார்கள் என்றும், பெரும்பாலானவர்களுக்கு நோய் என்னவென்றே கண்டுபிடிக்கப்படவில்லை என்றும் அது சொன்னது. நோயை அடையாளம் காண அது வைத்த நிபந்தனைகள்: ஆறு மாதத்துக்கு மேல் பழையபடி இயங்க முடியாமல் போவது, தூங்கி எழுந்தாலும் களைப்பு தீராதது, உழைப்புக்குப் பின் வரும் சரிவு, இவற்றோடு யோசிக்கத் தடுமாறுவது அல்லது நிமிர்ந்து நிற்க முடியாதது இரண்டில் ஒன்று.

இதில் அந்தச் சரிவுதான் எல்லாவற்றுக்கும் மேல், நோயாளிகள் பி.இ.எம். என்பார்கள். ஒருநாள் குளித்துவிட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாளோ அதற்கு மறுநாளோ உடம்பு மொத்தமாகச் சரிந்துவிடும், சிலருக்கு வாரக்கணக்கில். சாதாரணக் களைப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், இது எங்கேயும் கைகொடுக்கும். 1994ஆம் ஆண்டின் ஃபுகுடா வரையறையில் பி.இ.எம். கட்டாயமில்லை, 2003இல் வந்த கனடிய வரையறையில் கட்டாயம். எந்த ஆய்வைக் கையில் எடுத்தாலும் எந்த வரையறையில் ஆட்களைச் சேர்த்தார்கள் என்று முதலில் பாருங்கள். பழைய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதற்கு ஒரு பெரிய காரணம் இதுதான்.

அவர்கள் ஏன் ஒதுங்கி நிற்கிறார்கள்

பிரிட்டிஷ் நரம்பியல் நிபுணர்கள் சங்கத்தின் உறுப்பினர்களிடம் நடத்திய ஒரு கருத்துக்கணிப்பு 2011இல் வெளியானது. பதில் சொன்னவர்களில் 84 சதவீதம் பேர் இதை நரம்பியல் நோயாகவே கருதவில்லை. அதனால் 'உலக சுகாதார நிறுவனம் 1969லேயே சொல்லிவிட்டது' என்று அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டுவதில் பிரயோசனமில்லை. நானும் நீட்டியிருக்கிறேன். அவர்களுக்கு அது ஒரு குறியீட்டு எண், அவ்வளவுதான். வகைப்படுத்தலைக் காட்டி யாரையும் ஆராய்ச்சிக்கு வரவைக்க முடியாது.

அவர்கள் பக்கமும் யோசித்துப் பாருங்கள். உறுதியாகச் சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனை கிடையாது. எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். நிதி குறைவு: அமெரிக்காவில் நோய்ச் சுமையையும் ஆராய்ச்சிப் பணத்தையும் ஒப்பிட்டு 2020இல் வந்த ஒரு கணக்கு, நியாயமாகப் பார்த்தால் நிதி 14 மடங்கு கூட வேண்டும் என்றது. இதையெல்லாம் தாண்டி, இந்தத் துறைக்குப் போனால் பெயர் கெட்டுவிடும், நோயாளிகள் சண்டைக்கு வருவார்கள் என்ற பயமும் இருக்கிறது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2011இல் லான்செட்டில் வந்த பேஸ் ஆய்வு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் இந்த நோய் தேறும் என்றது. நோயாளிகள் எதிர்த்தார்கள், தகவல் அறியும் சட்டம் வழியாகப் போராடித் தரவுகளை வெளியே கொண்டுவந்தார்கள், கடைசியில் 2021இல் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அந்த உடற்பயிற்சி சிகிச்சையைப் பரிந்துரையிலிருந்தே எடுத்துவிட்டது. நோயாளிகள் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பத்து வருடச் சண்டையில் 'இந்த நோயாளிகள் ஆராய்ச்சியாளர்களை மிரட்டுபவர்கள்' என்ற பேச்சும் பரவிவிட்டது. நீங்கள் எழுதும் மின்னஞ்சலைத் திறப்பவர் அந்தப் பேச்சையும் கேட்டிருப்பார் என்பதை மனதில் வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

யாரைத் தேடுவது, எதைக் கேட்பது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போகிறேன், ஏனென்றால் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

நியூராலஜிஸ்ட் என்பது ஒரே வகை ஆள் கிடையாது. பக்கவாதம் பார்ப்பவர் வேறு, வலிப்பு பார்ப்பவர் வேறு, தூக்கம், தலைவலி, தசை, நோயெதிர்ப்பு, தானியங்கி நரம்பு என்று ஆளுக்கொரு மூலை. நான் ஆரம்பத்தில் செய்த தவறு, ஊரில் பெரிய பெயர் யாருக்கு இருக்கிறதோ அவருக்கு எழுதியது. அவர் வாழ்நாள் முழுக்கப் பார்க்கின்சன் நோயில் கிடந்தவர், எம்.இ.க்கு எதற்கு வரப்போகிறார்? ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு தூண்டில்.

தானியங்கி நரம்பு மண்டலத்தைப் (நாம் நினைக்காமலே இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றை இயக்குவது) பார்ப்பவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். எழுந்து நின்றால் இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும் பாட்ஸ் நோயாளிகளை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர்களில் பலருக்கு எம்.இ.யும் இருக்கும். இவர்களிடம் கொண்டுபோக அருமையான ஒரு ஆய்வு இருக்கிறது. நெதர்லாந்தின் வான் காம்பன், ஃபிஸ்ஸர் இருவரும் அமெரிக்காவின் பீட்டர் ரோவோடு சேர்ந்து 2020இல் வெளியிட்டது. 429 நோயாளிகளையும் 44 ஆரோக்கியமானவர்களையும் டில்ட் டேபிளில், அதாவது படுத்தவரை அப்படியே நிமிர்த்தும் மேஜையில், நிறுத்தி, கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தை டாப்ளர் அல்ட்ராசவுண்டால் அளந்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு ஓட்டம் 7 சதவீதம் குறைந்தது, நோயாளிகளுக்கு 26 சதவீதம். இதில் முக்கியமான விஷயம், ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சரியாக இருந்தவர்களுக்கும் குறைந்தது. வழக்கமான டில்ட் சோதனையில் அந்த இரண்டையும்தானே பார்க்கிறார்கள், அப்படியென்றால் 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு மூளைக்கு ரத்தம் குறைந்துகொண்டிருந்தது?

பார்த்தீர்களா, இது ஒரு கேள்வி. அதற்குப் பதில் தேட வேண்டிய கருவி அவருடைய மருத்துவமனையிலேயே இருக்கிறது, டாப்ளர் பக்கத்துப் பக்கவாதப் பிரிவில் தினமும் ஓடுகிறது. இந்த ஆய்வை வேறு இடங்களில் வேறு கைகள் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. பெரிய பணம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம்.

நரம்பு, தசை பார்ப்பவர்களுக்கு வேறு தூண்டில். தோலில் 3 மில்லிமீட்டர் அளவுக்குத் துணுக்கு எடுத்து, அதில் நுண் நரம்பிழைகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணும் ஒரு பரிசோதனை இருக்கிறது. பாஸ்டன் பக்கத்து ஆய்வுக்குழு ஒன்று 2021இல் 160 எம்.இ. நோயாளிகளைப் பார்த்ததில், தோல் பரிசோதனை செய்யப்பட்டவர்களில் 31 சதவீதம் பேருக்கு நுண் நரம்புப் பாதிப்பு தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யிலும் தெரியாது, சாதாரண நரம்புக் கடத்தல் சோதனையிலும் தெரியாது, தேடினால்தான் தெரியும். இது மூன்றில் ஒருவருக்கு மட்டும் ஏன், அவர்கள் தனி வகையா, சிகிச்சைக்கு வேறு மாதிரி இணங்குவார்களா? இந்தத் துறைக்காரர்களுக்கு இப்படிப்பட்ட கேள்வி என்றால் நாக்கில் எச்சில் ஊறும்.

நோயெதிர்ப்பு நரம்பியல்காரர்கள்தான் எனக்கு மிகவும் நம்பிக்கை தருபவர்கள், ஏனென்றால் அவர்களுடைய துறையின் சமீபகால வரலாறே நமக்குச் சாட்சி. ஹோசெப் டால்மாவ் 2007இல் மூளையிலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்புப் புரதத்தால் வரும் மூளை அழற்சியை விவரிக்கும் வரை அந்த இளம்பெண்கள் பலர் மனநல வார்டில் கிடந்தார்கள். அப்புறம் 2022 ஜனவரியில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் தரவை வைத்து, எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பிறகு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (எம்.எஸ்., நரம்புகளின் உறையை உடம்பே தாக்கும் நோய்) வரும் அபாயம் 32 மடங்கு கூடுகிறது என்று சயன்ஸ் இதழில் வந்தது. அதே வைரஸ்தான் சுரப்பிக் காய்ச்சலையும் கொண்டுவருகிறது, பலருக்கு எம்.இ.யின் ஆரம்பமும் அந்தக் காய்ச்சல்தான், என் அக்காவுக்கும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரில் இந்த வைரஸ், கியூ காய்ச்சல், ராஸ் ரிவர் வைரஸ் ஆகிய தொற்றுகள் கண்ட 253 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது ஆறு மாத முடிவில் 11 சதவீதம் பேர் நாட்பட்ட சோர்வு நோய்க்குறியின் வரையறைக்குள் வந்தார்கள், கிருமி எதுவாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. 2006இல் வந்த ஆய்வு இது. ஒரே வைரஸ் ஒருவரை எம்.எஸ்.ஸுக்கும் இன்னொருவரை எம்.இ.க்கும் கொண்டுபோவது ஏன் என்று எம்.எஸ். ஆய்வாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

மூளைப் படம் எடுப்பவர்களிடம் போனால் கொஞ்சம் கவனம் வேண்டும். ஜப்பானில் நகாதோமி குழு 2014இல் 9 நோயாளிகளையும் 10 ஆரோக்கியமானவர்களையும் பெட் ஸ்கேனில் பார்த்து, நோயாளிகளின் மூளையில் அழற்சியின் அடையாளம் இருக்கிறது என்றது. நோயாளர் குழுக்கள் இதைக் கொண்டாடின. பின்னர் நெதர்லாந்தில் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. முதல் ஆய்வை மட்டும் சொல்லி இரண்டாவதை மறைத்தால், அவர் ஐந்து நிமிடத்தில் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார், அதோடு உங்கள் மேலிருந்த நம்பிக்கை போய்விடும். நீங்களே இரண்டையும் சொல்லி, 'இரண்டுமே சின்ன ஆய்வுகள், யார் சரி என்று தெரியவில்லை, நீங்கள் முடித்து வைக்கலாமே' என்று கேளுங்கள்.

தூக்கம் பார்ப்பவர், தலைவலி பார்ப்பவர் ஆகியோரிடமும் போகலாம், எம்.இ. நோயாளிகளிடம் இரண்டு பிரச்சனையும் தாராளமாக உண்டு. ஆனால் முதல் முயற்சிக்கு நான் மேலே சொன்ன நான்கு வகையே போதும்.

பெயர்களைப் பிடிப்பது எப்படி? பப்மெட்டில் உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு 'பாட்ஸ்', 'நுண் நரம்பு நோய்', 'தொற்றுக்குப் பின்' போன்ற சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். கட்டுரையின் கடைசிப் பெயர் பெரும்பாலும் குழுத் தலைவருடையது, முதல் பெயர் பெரும்பாலும் உண்மையில் வேலை செய்த இளைஞருடையது. இரண்டு பேருக்கும் எழுதுங்கள். அமெரிக்கா என்றால் அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச். நடத்தும் ரிப்போர்ட்டர் என்ற தளத்தில் யாருக்கு எந்த ஆய்வுக்கு எவ்வளவு பணம் போனது என்று தெரிந்துகொள்ளலாம், இலவசம்தான். கோவிட் வந்து போனதற்குப் பிறகு நீள்கோவிட் ஆராய்ச்சிக்குள் வந்த நியூராலஜிஸ்டுகள் நிறையப் பேர். அவர்களுக்கு நோய் புரிந்திருக்கும், நோயாளிகள் மேல் பயமும் குறைவு, எம்.இ. நோயாளிகளை ஒப்பீட்டுக் குழுவாகச் சேர்க்கச் சொன்னாலே போதும்.

கடிதம்

ஒரு பக்கத்துக்குள். முடிந்தால் இருநூறு சொல்லுக்குள். நான் இப்போது எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும், ஆங்கிலத்தில்தான் அனுப்புவேன், இங்கே தமிழில் தருகிறேன்:

"வணக்கம் டாக்டர். நிற்கும்போது மூளை ரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதில் நாடித்துடிப்பு நார்மலாக இருந்தும் தலைசுற்றல் இருந்த சிலரைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். எம்.இ. நோயாளிகள் 429 பேரிடம் 2020இல் செய்த ஒரு ஆய்வில் அதே மாதிரி ஒன்று தெரிந்திருக்கிறது, இணைத்திருக்கிறேன். எங்கள் உள்ளூர் நோயாளர் குழுவில் கனடிய வரையறைப்படி நோய் உறுதிசெய்யப்பட்ட பலர் ஆய்வுக்கு வரத் தயாராக இருக்கிறார்கள். உங்கள் ஆய்வகத்தில் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்க முடியுமா என்று பதினைந்து நிமிடம் பேச விரும்புகிறேன். சிறு நிதிக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்ற விவரமும் என்னிடம் இருக்கிறது."

அவ்வளவுதான். அக்கா பற்றி ஒரு வரி கூட இல்லை என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். சந்திப்புக்கு வரச் சொன்ன பிறகு அக்கா கதையைச் சொல்லிக்கொள்ளலாம், அப்போது அவரே கேட்பார். அவருடைய கட்டுரையை உண்மையிலேயே படித்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி, சுருக்கத்தை மட்டும் மேய்ந்துவிட்டு எழுதினால் தெரிந்துவிடும். நோயாளிகளே எழுதுவதென்றால் ஒரே உட்காரலில் எழுதாதீர்கள். மூளை மந்தமாக இருக்கும் நாளில் மூன்று வரி, நன்றாக இருக்கும் நாளில் மூன்று வரி, இன்னொருவரைப் படிக்கச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

இணைப்பாக ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை. இரண்டாவதாக எதையாவது சேர்த்தே ஆக வேண்டும் என்றால், பிரிட்டனில் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணியின் முறைப்படி நோயாளிகளும் மருத்துவர்களும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட பத்து ஆராய்ச்சி முன்னுரிமைகளைச் சேருங்கள். அதில் முதலாவதே பி.இ.எம். எந்த உயிரியல் வழியில் உண்டாகிறது என்பதுதான்.

அவர் சொல்லும் சாக்குகளை முன்கூட்டியே தீர்த்துவையுங்கள்

'பணம் இல்லை' என்பார். முன்னோட்ட ஆய்வுக்குச் சிறு நிதி தருபவர்கள் இருக்கிறார்கள்: அமெரிக்காவில் சால்வ் எம்.இ. அமைப்பின் ராம்சே நிதித் திட்டம், ஓப்பன் மெடிசின் ஃபவுண்டேஷன், பிரிட்டனில் எம்.இ. ரிசர்ச் யு.கே., எம்.இ. அசோசியேஷன். அவற்றின் விண்ணப்பக் கெடுவையும் விதிமுறையையும் நீங்களே பார்த்து அரைப் பக்கத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன முடிவை வைத்துத்தான் பிறகு பெரிய அரசு நிதிக்குப் போக முடியும், இது எல்லா ஆராய்ச்சியாளருக்கும் தெரியும்.

'மாதிரிகள் இல்லை' என்பார். லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீனில் எம்.இ. பயோபேங்க் இருக்கிறது, ஒழுங்காகப் பரிசோதித்துச் சேர்த்த ரத்த மாதிரிகள், ஒப்பிட்டுப் பார்க்க எம்.எஸ். நோயாளிகளின் மாதிரிகளும் அங்கேயே உண்டு. இதைச் சொன்னதும் எம்.எஸ். ஆய்வாளர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நானே பார்த்தேன். எடின்பரோவிலிருந்து கிறிஸ் பாண்டிங் வழிநடத்திய டிகோட்-எம்.இ. மரபணு ஆய்வு 15,579 நோயாளிகளின் டி.என்.ஏ.வை அலசி, 2025 ஆகஸ்டில் முதற்கட்ட முடிவை வெளியிட்டது. எட்டு மரபணுப் பகுதிகள் தெரிந்திருக்கின்றன, அவற்றிலுள்ள சில மரபணுக்கள் நோயெதிர்ப்போடும் சில நரம்பு மண்டலத்தோடும் சம்பந்தப்பட்டவை. '84 சதவீதம்' கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும், 1969ஐ அல்ல.

'எம்.ஆர்.ஐ. நார்மலாக இருக்கிறதே' என்பார். மைக்ரேனுக்கும் நார்மல்தான். பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நார்கோலெப்ஸிக்கும் நார்மல்தான், அதன் காரணம் ஒரெக்சின் என்ற மூளை வேதிப்பொருளின் குறைபாடு என்று 2000 வாக்கில் தண்டுவட நீரில்தானே தெரிந்தது? பணிவாகச் சொல்லுங்கள், வக்கீல் மாதிரி வேண்டாம்.

'இது ஃபங்ஷனல் பிரச்சனை', அதாவது உறுப்பில் சேதமில்லை, இயக்கத்தில்தான் கோளாறு, என்று சொன்னால் அங்கேயே மல்லுக்கு நிற்காதீர்கள். 'இருக்கலாம், ஆனால் உழைத்த மறுநாள் உடம்பில் என்ன மாறுகிறது என்று யாராவது அளந்தால்தானே தெரியும்' என்று கேள்வியை மறுபடி அவர் மேஜைக்கே தள்ளிவிடுங்கள். அதிலும் மசியவில்லையா, நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள். நம்பாதவரை நம்பவைக்கும் முயற்சியில் எனக்கு ஒரு முழு வருடம் வீணாயிற்று, அந்த நேரத்தில் ஆர்வமுள்ள நான்கு பேரைப் பார்த்திருக்கலாம்.

துறையின் தோல்விகளையும் மறைக்காதீர்கள். 2009இல் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸ்தான் காரணம் என்று சயன்ஸில் வந்து, ஆய்வக மாசு என்று தெரிந்து, 2011இல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. நார்வேயின் பெர்கன் நகரில் ஃப்ளூகே, மெல்லா என்ற இரண்டு புற்றுநோய் மருத்துவர்கள், லிம்ஃபோமாவுக்கு மருந்து கொடுத்த நோயாளிக்கு எம்.இ.யும் குறைந்ததைக் கவனித்து ரிட்டுக்சிமாப் மருந்தைச் சோதித்தார்கள், சிறு ஆய்வுகளில் நம்பிக்கை தந்தது, 2019இல் வந்த பெரிய ஆய்வில் தோற்றது. ஆனாலும் அவர்கள் துறையை விட்டு ஓடவில்லை, இன்னும் அதிலேயே வேலை செய்கிறார்கள். இந்தக் கதையை நான் எல்லாரிடமும் சொல்வேன், புற்றுநோய்க்காரர்களை எம்.இ.க்குள் கொண்டுவந்தது தங்கள் கண் முன்னால் நடந்த ஒரு புதிர்தானே.

நிறுவனங்கள் பக்கம்

தனி ஆளைப் பிடிப்பது ஒரு வழி, நிறுவனத்தைத் தள்ளுவது இன்னொரு வழி. அமெரிக்காவின் என்.ஐ.எச்.சில் இந்த நோய் வருடக்கணக்காகப் பெண்கள் நல அலுவலகத்தில் கிடந்தது, அந்த அலுவலகத்துக்குச் சொந்தமாகப் பெரிய ஆராய்ச்சி நிதி கிடையாது. நோயாளர் குழுக்கள் விடாமல் அழுத்தியதும், 2015 அறிக்கையும் சேர்ந்து, அந்த வருடம் அக்டோபரில் முன்னணிப் பொறுப்பு நரம்பியல் நிறுவனமான என்.ஐ.என்.டி.எஸ்.ஸுக்கு வந்தது. அங்கே நரம்பு மண்டலத் தொற்றுகளை ஆராய்ந்துவந்த, இந்தியாவில் மருத்துவம் படித்த அவிந்திரா நாத் என்ற நியூராலஜிஸ்ட் ஒரு ஆழமான ஆய்வைக் கையில் எடுத்தார். 2024 பிப்ரவரியில் முடிவு வந்தது: 17 நோயாளிகள், 21 ஆரோக்கியமானவர்கள், தண்டுவட நீரில் கேட்டகோலமின் என்ற நரம்பு வேதிப்பொருட்கள் குறைவு, மூளையின் ஒரு பகுதியில் இயக்கக் குறைவு.

பதினேழே பேர், எட்டு வருடம். கூடவே 'முயற்சித் தேர்வு' என்று பொருள்படும் ஒரு சொல்லைப் போட்டு, நோயாளிகள் முயல விரும்பவில்லை என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். கோபம் நியாயம்தான், எனக்கும் வந்தது. ஆனால் தனி ஆட்களின் பெட்டியில் வசவை நிரப்பாமல், எந்தச் சோதனையை எப்படிப் புரிந்துகொண்டார்கள், அது ஏன் தவறு என்று இதழுக்கு எழுதினார்களே சிலர், அதுதான் எடுபட்டது.

இளைஞர்களைப் பிடிப்பது மலிவும் பலனும் உள்ள வேலை. மருத்துவமனைகளில் வாராந்தரக் கூட்டங்கள் நடக்கும், அதில் ஒரு மணி நேரம் எம்.இ. பற்றிப் பேச ஏற்கெனவே இத்துறையில் உள்ள ஒரு ஆராய்ச்சியாளரை அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். காணொளியில் பேசினாலே போதும், செலவில்லை. பயிற்சி மருத்துவர்களுக்குச் சின்ன ஆய்வுத் தலைப்பு எப்போதும் தேவை. தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களும் இதைக் கவனியுங்கள், டி.எம். நியூராலஜி படிக்கும் யாராவது தெரிந்தவர் இருந்தால், சிக்குன்குனியாவுக்கோ டெங்குவுக்கோ பிறகு தேறாமல் கிடப்பவர்களிடம் பி.இ.எம். இருக்கிறதா, நிற்கும் சோதனையில் என்ன தெரிகிறது என்று பார்ப்பது ஒரு ஆய்வேட்டுக்குத் தாராளமாகப் போதும். பத்து நிமிடம் நிற்கவைத்து நாடியும் அழுத்தமும் பார்க்கச் சுவரும் கடிகாரமும் ரத்த அழுத்தக் கருவியும் போதுமே.

பதில் வந்தால், வராவிட்டால்

மூன்று வாரம் பொறுங்கள், ஒரே ஒரு நினைவூட்டல், நான்கு வரி. அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், ஆனால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள், அவர் புதுக் கட்டுரை வெளியிடும்போது பாராட்டி ஒரு வரி எழுதலாம். நான் ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன்: பெயர், பிரிவு, எந்தக் கட்டுரை, என்ன கேட்டேன், எப்போது, என்ன சொன்னார்.

சந்திக்க ஒத்துக்கொண்டால் நோயாளியை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அக்காவை ஒரு தடவை கூட்டிப்போனேன், ஒரு மணி நேரச் சந்திப்புக்கு மூன்று வாரம் இருட்டறையில் படுத்தாள். காணொளியில் பத்து நிமிடம் பேசட்டும், அல்லது எழுதித் தரட்டும். ஆய்வு தொடங்கும் நிலைக்கு வந்தால் இதையே நிபந்தனையாகவும் வையுங்கள்: போக்குவரத்து, படுக்க இடம், வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறை, வீட்டுக்கு வந்து மாதிரி எடுக்கும் வசதி. இல்லாவிட்டால் நடமாட முடிந்தவர்கள் மட்டுமே ஆய்வுக்கு வருவார்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் உடம்பில் என்ன நடக்கிறது என்பது கடைசிவரை வெளியே தெரியாது.

என் அட்டவணையில் இப்போது இருபத்து மூன்று பெயர். பதில் போட்டவர்கள் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் மரியாதைக்குப் போட்டது. ஒருவர் மட்டும் டாப்ளர் இயந்திரத்தைப் பக்கவாதப் பிரிவிலிருந்து வியாழக்கிழமை மதியங்களில் கடன் வாங்கலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றார். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்.